கோமதி திரையைத் திருப்பிய நாள்

பயனர்களின் ஆலோசனைகளை வாங்குவதற்கு எங்கள் பழைய பிரிவு இப்போது இணையத்தில் ஒரு படிவம் போட்டிருக்கிறது. போன கிழமை அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் அதை எனக்கும் அனுப்பி, பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டார்கள். அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்று எழுதிக் கஷ்டப்படத் தேவையில்லை. ஒரு பட்டியல் விரியும், அதில் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். பட்டியலின் கடைசி வரி "பயனர் தவறு" என்று இருந்தது. அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அந்த இரண்டு சொற்களை என் கையால் எழுதி, ஒரு பெண்ணின் வேலைக்கு நான் உலை வைக்கப் பார்த்திருக்கிறேன். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லியும் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். வேறு பெருமைகளை எழுதுவதை விட இதையே எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியாட்களுக்காகச் சில வரிகள். 'வாவி' என்பது லினக்ஸை அடிப்படையாக வைத்து எங்கள் பிரிவு செய்த மேசைக் கணினி இயங்குதளம். பெரிதாக எண்ணிவிட வேண்டாம். உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்ததை எடுத்து, தமிழாக்கி, எங்கள் ஆட்களுக்கு வேண்டியதைக் கூட்டி, வேண்டாததைக் குறைத்து, மட்டக்களப்பு மாவட்டத்துக் கிராமப்புற அலுவலகங்களில் தூசி பிடித்துக் கிடந்த கணினிகளில் ஏற்றிக் கொடுத்தோம். நான் தட்டச்சுப் பழகி, ஆறு மாதக் கணினிப் பயிற்சி முடித்து, கணினி திருத்துகிறவளாக உள்ளே போனவள். திருப்புளி பிடித்த கையில் பஷீர் சேர் சீ.ஆர். கொப்பி எனப்படும் தடித்த பதிவேடு ஒன்றைத் தந்து, ஆலோசனை கேட்கும் வேலையையும் தலையில் கட்டினார். ஓய்வு பெறும்வரை அது இறங்கவில்லை.

பஷீர் சேர் எங்கள் பணிப்பாளர், காத்தான்குடிக்காரர். முன்பு கணித ஆசிரியராக இருந்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, பாலும் சீனியும் போடாத பிளேன்டீயுடன் உட்கார்ந்திருப்பார். கோபம் வந்தால் பென்சில் சீவுவார். சில நாட்களில் அவருடைய மேசையில் பென்சில் சீவல் குவிந்து கிடக்கும். அன்றைக்கு நாங்கள் எவரும் அந்தப் பக்கம் போகமாட்டோம்.

அந்தக் கொப்பிக்கு அவர் வைத்த ஒழுங்கு இது. இடப்பக்கத்தில் பயனர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. வலப்பக்கத்தில் அதிலிருந்து நாங்கள் என்ன விளங்கிக் கொண்டோம் என்று எழுதலாம். ஆனால் வலப்பக்கம் இடப்பக்கத்தை விட நீளக் கூடாது. நீண்டால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மறுபடி எழுதச் சொல்லுவார். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் இருந்து இடப்பக்கத்தைச் சத்தமாக வாசிப்போம். யாராவது சிரித்தால் சிரித்து முடியும்வரை காத்திருப்பார். முடிந்ததும், சிரித்தவர்தான் அந்தப் பயனருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு கிழமைக்குள் பதில் போக வேண்டும். இல்லை என்பதென்றாலும் ஏன் இல்லை என்று சொல்லியாக வேண்டும். புதிய பதிப்பு வெளிவரும்போது ஆலோசனை சொன்னவரின் பெயர் அதன் குறிப்பில் இருக்கும். இந்தக் கடைசி ஒழுங்கில் அவர் ஒரு நாளும் விட்டுக் கொடுத்ததில்லை.

சிரித்துச் சிரித்து அதிகமாகத் தொலைபேசி எடுத்தவள் நான்தான். கரடியனாற்றில் ஒரு விவசாய அலுவலகத்திலிருந்து, கணினியில் வைத்த கோப்புகள் காணாமல் போகின்றன என்று முறைப்பாடு வந்தது. விசாரித்தால், அங்கிருந்த அலுவலக உதவியாளர் தினமும் மாலையில் திரையிலிருந்த குப்பைக்கூடையை ஒழுங்காகக் கொட்டியிருக்கிறார். கூடைகளைக் கொட்டுவது அவருடைய கடமைப் பட்டியலில் இருந்தது. மனிதர் கடமை தவறாதவர். எழுதுநர்களோ பிறகு தேவைப்படலாம் என்று நினைத்ததை எல்லாம் அதற்குள்ளேதான் போட்டு வைத்திருந்தார்கள். நான் சிரித்தேன், எடுத்தேன் தொலைபேசியை. அந்த உதவியாளரே ஆலோசனையும் சொன்னார். அடுத்த பதிப்பில் அதன் பெயரை 'ஒதுக்கியவை' என்று மாற்றினோம். கூடைப் படத்தையும் எடுத்துவிட்டு கோப்புகள் அடுக்கும் இறாக்கைத் தட்டின் படம் போட்டோம்.

கல்குடாவில் மீனவர் சங்கச் செயலாளர் ஒருவர். கணினியை நிறுத்தும்போது, உண்மையாகவே நிறுத்த வேண்டுமா என்று அது கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வலையைத் தூக்கி வள்ளத்தில் போட்ட பிறகு ஒருவன் வந்து, உண்மையாகவே கடலுக்குப் போகிறாயா என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று என்னிடமே கேட்டார். நியாயம்தான் என்று அந்தக் கேள்வியை எடுத்துவிட்டோம். இரண்டு கிழமையில் திரும்ப அழைத்தார். முழங்கை பட்டுக் கணினி நின்றுவிடுகிறதாம், பழைய கேள்வியைத் திருப்பிப் போட வேண்டுமாம். அதையும் ஒரு சொல் மாறாமல் இடப்பக்கத்தில் எழுதினேன். பாசிக்குடாவில் ஒரு விடுதி வரவேற்பு மேசையில் இருந்த பெண், கடல் வெளிச்சத்தில் திரை தெரியவில்லை என்று சொல்லி, ஒரே அழுத்தில் எழுத்தைத் தடிப்பாக்கும் சாவி ஒன்றை எங்களிடம் வாங்கினாள். எனக்கு இந்த வேலை பிடித்துப் போயிற்று. பிடித்த வேலையில்தானே மனிதருக்குத் தலைக்கனம் வரும். எனக்கும் வந்தது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களை அங்கே கணினியில் பதிந்து கொண்டிருந்தார்கள். பதிகிறவள் கோமதி, அமைய ஊழியர். ஐந்தாறு வருடமாக மாதத்துக்கு மாதம் நீடிப்பு வாங்கி வேலை செய்தவள். வீட்டில் படுக்கையில் கிடக்கும் தகப்பனும் அவளும்தான். அந்த வருடம் அமைய ஊழியர்களை நிரந்தரமாக்கப் பெயர் கேட்டிருந்தார்கள். பொறுப்பதிகாரி சிபாரிசு செய்தால் அவளுக்கும் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து, ஒரே மாதத்தில் மூன்று தடவை பதிந்த பெயர்கள் அழிந்து போயின. நிவாரணத்துக்கு வந்து கேட்ட சனத்துக்குப் பெயர் இல்லை. பொறுப்பதிகாரி எங்களுக்குக் கடிதம் எழுதினார்.

நான் இருந்த இடத்தில் இருந்தே பார்த்தேன். கணினி தனக்கு நடந்ததைத் தானே குறித்து வைக்கும். மூன்று நாளும் வேலை நேரத்தில் திடீரென்று மின்சாரம் இழந்திருந்தது. அந்த நாட்களில் ஊரில் மின்வெட்டு இல்லை. மின்சாரம் போனால் தாங்குவதற்கு மேசைக்குக் கீழே வைத்த மின்கலப் பெட்டியும் நல்ல நிலையில் இருந்தது. கோமதிக்குத் தொலைபேசி எடுத்து, கணினியை ஒழுங்காக நிறுத்துகிறாயா என்று கேட்டேன். ஓம் என்றாள். ஏதாவது செய்தாயா என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றாள். குரலில் ஒரு தடுமாற்றம். எனக்கு அது போதுமாக இருந்தது. "பயனர் தவறு. கணினியை முறைப்படி நிறுத்தாமல் மின்சாரத்தைத் துண்டித்துள்ளார்" என்று எழுதி, கையெழுத்திட்டு, பொறுப்பதிகாரிக்கு அனுப்பிவிட்டுத்தான் கொப்பியை பஷீர் சேரிடம் கொண்டு போனேன். பொறுப்பதிகாரி சிபாரிசுப் பட்டியலில் இருந்து கோமதியின் பெயரை எடுத்துவிட்டதாக அன்றைக்கே தகவல் வந்தது.

பஷீர் சேர் வலப்பக்கத்தைப் பார்த்தார், இடப்பக்கத்தைப் பார்த்தார். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து பென்சிலை எடுத்தார். சீவி முடிய நெடுநேரம் பிடித்தது.

"அந்தப் பிள்ள என்ன சொன்ன?"

"ஒன்றும் செய்யல்லயாம் சேர்."

"அது நீங்க கேட்டதுக்குப் பதில், தங்கச்சி. அவ சொன்னது எங்க?"

கொப்பியை என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு முழு நாள் அவளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காரும்படியும், எதையும் தொடாமல் இருக்கும்படியும் சொன்னார். பட்டியல் வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போகிறது. அன்று செவ்வாய்.

புதன் காலை குருமண்வெளித் துறையில் பாதை ஏறினேன். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை; மோட்டார் சைக்கிள், ஆடு, மனிதர் எல்லாம் அதில் சமம். வழி முழுக்க எரிச்சல்தான். தெரிந்த விடையை ஊர்ஜிதம் செய்ய ஒரு நாளை வீணாக்குகிறேன் என்று எனக்குள்ளே புறுபுறுத்துக் கொண்டு போனேன்.

கோமதி எழுந்து நின்று கதிரை போட்டுத் தந்தாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. மதியம்வரை ஒரு பிழையும் நடக்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், விபரம் சொன்னார்கள், அவள் பதிந்தாள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: பதிந்து முடிந்த பிறகும் ஒருவரும் போகவில்லை. மேசையைச் சுற்றி எட்டி எட்டிப் பார்த்தார்கள். பெயர் ஏறியதா என்று இரண்டு தரம், மூன்று தரம் கேட்டார்கள். அவள் ஏறிவிட்டது என்று தலையைக் குனிந்து கொண்டு சொன்னாள். அரைமனதாகச் சுவரோர வாங்கில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு விளங்கவில்லை. விளங்காத போதும் மனதுக்குள் வெற்றிதான். நான் பக்கத்தில் இருந்தால் கணினி நிற்கவில்லையே.

மதியத்துக்குப் பிறகு கண்ணம்மா வந்தார். வாவியில் இறால் பிடித்து விற்பவர். வீடு இரண்டு ஊர்களுக்கும் நடுவே, வட்டைக்கரையில், வயல் தொடங்கும் இடத்தில். அவருடைய விபரத்தைப் பதிந்து முடித்தாள் கோமதி. அவர் நகரவில்லை.

"காட்டு மகள். நான் பாத்திட்டுப் போறன்."

காட்ட ஏலாது என்று கோமதி மெதுவாகச் சொன்னாள். கண்ணம்மா குரலை உயர்த்தவில்லை.

"போன வெள்ளத்துலயும் எழுதியாச்சு, எழுதியாச்சு எண்டுதான் சொன்ன. மறுகா அரிசிக்குப் போய் நிண்டா என்ட பேர் மற்ற ஊர்ப் பட்டியல்ல கிடக்கு. அந்த ஊர்ல போனா வீடு இஞ்ச இல்ல எண்டாங்க. ரெண்டு ஊராலயும் வெறுங்கையோட வந்தன். இந்தமுறை பாக்காமப் போக மாட்டன்."

கோமதி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் என்னை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு இரண்டு கையாலும் திரையைப் பிடித்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கண்ணம்மாவுக்கு முழுதாகத் திருப்பினாள். திரை கறுத்துப் போயிற்று.

நான் எழும்பிப் பின்பக்கம் பார்த்தேன். மின்கம்பி கழன்று தொங்கிக் கொண்டிருந்தது. மேசையில் இடம் மிச்சம் பிடிப்பதற்காகச் சின்னக் கணினிப் பெட்டியைத் திரையின் முதுகிலேயே மாட்டும் முறையைக் கண்டுபிடித்தவள் நான். கம்பிகள் தொங்கினால் எனக்குப் பிடிக்காது என்று, ஒரு விரற்கடைகூட மிச்சமில்லாமல் இழுத்துக் கட்டியவளும் நான். அரைவாசி திருப்பினால் தாங்கும். முழுதாகத் திருப்பினால் கழன்றுவிடும்.

"இதுதான் மிஸ் நடக்கிற" என்றாள் கோமதி.

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"திரைய ஆக்களுக்குக் காட்டக் கூடா எண்டு நீங்கதானே எழுதி அனுப்பின. காட்டினன் எண்டு சொன்னா வேல போகும். சொல்லாட்டியும் போகுது."

அந்தச் சுற்றுநிருபத்தையும் நான்தான் எழுதினேன். ஒருவருடைய விபரத்தை மற்றவர் பார்த்துச் சண்டை வந்த ஓர் இடத்துக்காக எழுதி, எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பி வைத்திருந்தேன். அதில் பிழையில்லை என்று அன்றுவரை நம்பியிருந்தேன். ஆட்கள் தங்கள் பெயரைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பதிந்ததை உடனே சேமித்தால் என்ன என்று கேட்டேன். சேமித்த பக்கத்தில் ஓர் எழுத்தைத் திருத்துவதென்றாலும் பொறுப்பதிகாரியின் கடவுச்சொல் வேண்டும். அவர் பாதி நாள் வெளியே. அதனால் ஒரு பக்கத்துக்குரிய எல்லோரும் தங்கள் பெயரைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அவள் சேமிப்பாள். அழிந்த ஒவ்வொரு முறையும் கடதாசிப் படிவங்களை வைத்துத் திரும்பப் பதிந்திருக்கிறாள். இடையில் வந்து கேட்டவர்கள்தான் பெயர் இல்லை என்று முறையிட்டவர்கள். அவளுடைய தவறு எங்கே இருக்கிறது என்று தேடினேன். கிடைக்கவில்லை. என்னுடையது மூன்று கிடைத்தது: இழுத்துக் கட்டிய கம்பி, அந்தச் சுற்றுநிருபம், அவளைக் கேட்காமல் எழுதிய அறிக்கை.

கண்ணம்மா கோபப்படவில்லை. இன்னொரு முறை எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னார். கோமதி பதிய, நான் முழங்காலில் இருந்து கம்பியைப் பிடித்துக் கொண்டேன். அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து ஊரின் பெயரை விரல் வைத்து வாசித்துவிட்டு, சரி என்று போனார்.

பொறுப்பதிகாரியின் அறைக்குப் போய், என் அறிக்கை பிழை, மீளப் பெறுகிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, கடதாசியை நம்புகிறவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் இவள் சுற்றுநிருபத்தை மீறியிருக்கிறாளே, அது இன்னும் பெரிய குற்றமல்லவா என்று கேட்டார். அவளைக் காப்பாற்றப் போய் இரண்டாவது குழியையும் நானே தோண்டிவிட்டேன். வெளியே வந்து பஷீர் சேருக்கு அழைத்தேன். நடந்ததைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தேற்றவில்லை. முதல் பாதையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வியாழன் காலை வந்தார். முதலில் கோமதியின் மேசைக்குப் போய், எனக்குப் போட்ட கதிரையில் உட்கார்ந்து, கால்மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு பொறுப்பதிகாரியிடம் போனார். சுற்றுநிருபத்தை விலக்கும் கடிதத்தை அவருடைய மேசையிலேயே கையால் எழுதி, கையெழுத்திட்டு, அவர் பக்கம் நீட்டினார். அந்தப் பிள்ளையிடம் விளக்கம் கேட்பதென்றால் அதற்கு முதல் எங்களிடம் கேட்க வேண்டும் என்றார். பொறுப்பதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு, விதி விதிதானே என்று இழுத்தார்.

"சேர், நாளைக்கு உங்கட பென்சன் படிவத்த ஒராள் பதியிறார். பேர் சரியா ஏறியிரிக்கா எண்டு நீங்க எட்டிப் பாக்க மாட்டீங்களா?"

பொறுப்பதிகாரி கடிதத்தைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஓய்வு பெற அதிக காலம் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை போன பட்டியலில் கோமதியின் பெயர் இருந்தது.

புறப்படும் முன் கோமதியிடம் கொப்பியை நீட்டி, இடப்பக்கத்தை அவளையே எழுதச் சொன்னேன். "ஆக்கள் தங்கட பேரப் பாக்க வேணும். மற்ற ஆக்கள்ட பேரப் பாக்கக் கூடா. நான் திரையத் திருப்பாமக் காட்ட ஒரு வழி வேணும்" என்று எழுதினாள். நான் வலப்பக்கத்தில் ஒரு பக்கம் நிரம்ப எழுதிக் கொண்டு போனேன். பஷீர் சேர் கோடு இழுத்தார். கடைசியில் வலப்பக்கத்தில் மிஞ்சியது: "சரி. செய்வோம்."

கம்பியை ஒரு முழம் நீட்டிவிட ஐந்து நிமிடம் பிடித்தது. மற்றதற்குப் பல மாதம் ஆனது. களஞ்சியத்தில் கிடந்த பழைய சதுரத் திரைகளை எடுத்து, சனங்கள் நிற்கும் பக்கம் பார்க்க வைத்தோம். விசைப்பலகையில் ஒரு சாவியை அழுத்தினால், அந்த நேரம் தெரிவு செய்த பகுதி மட்டும் அந்தத் திரையில் பெரிய எழுத்தில் தெரியும். மற்றவர் பெயர் ஒன்றும் தெரியாது. அந்தச் சாவிக்குக் 'காட்டு' என்று பெயர். நாங்கள் எடுத்துப் பாவிக்கும் மூல நிரலைப் பராமரிக்கும் தொண்டர்களுக்கும் அதை அனுப்பினோம். எங்கோ ஒரு குளிர் நாட்டில் இருந்து ஒருவர், இப்படி ஒன்று யாருக்குத் தேவை என்று கேட்டு எழுதினார். கண்ணம்மாவின் கதையைப் பெயரை மாற்றி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். மறுநாள் சேர்த்துக் கொண்டார்கள். பதிப்புக் குறிப்பில் கோமதியின் பெயர் இருந்தது.

மேலிடத்துக் கடிதம் வர அதற்குப் பிறகும் சில மாதம் எடுத்தது. ஒரு நாள் காலையில் கோமதி எனக்கு அழைத்தாள். வேலை நேரத்தில் அழைக்கிறவள் இல்லை. கம்பி மறுபடி கழன்றுவிட்டதோ என்று பயந்து எடுத்தேன். நிரந்தர நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்திருந்தது. பிரதி எடுக்கக் கடிதம் முழுவதையும் தெரிவு செய்தவள், அவசரத்தில் வழக்கப்படி 'காட்டு' சாவியை அழுத்திவிட்டாள். கடிதம் முழுவதும் சனங்கள் பக்கத்துத் திரையில் பெரிய எழுத்தில் போய் நின்றிருக்கிறது. அவள் வாசித்து முடிப்பதற்குள் வரிசையில் நின்றவர்கள் வாசித்து முடித்துவிட்டார்களாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். முன்னுக்கு நின்ற ஒரு வயதான மீனவர் மட்டும் சிரிக்கவில்லையாம். அவர் சொன்னதை அவள் அப்படியே எனக்குச் சொன்னாள்:

"சந்தோசம் மறுகா படலாம் புள்ள. முதல்ல பேரும் ஊரும் சரியா இரிக்கா எண்டு பாரு."

"பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ். ரெண்டு தரம் பாத்தன். சரியா இரிக்கு."